பட்டாளத்துக்கு வண்ணம் பூசப் பத்து நிமிடம் போதும்!

நவராத்திரி நெருங்கினால் போதும், மயிலாப்பூர் வடக்கு மாட வீதி பொம்மை வீதியாகிவிடும். நடைபாதை முழுக்கப் பொம்மைகள்! தசாவதார செட், கல்யாண செட், கிரிக்கெட் செட், குருக்ஷேத்திரத்தில் கிருஷ்ணர் தேர் ஓட்டும் கீதோபதேச செட்... அடுத்த முறை அங்கே போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அம்மா விலை பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஏதாவது ஒரு செட்டில் மிகச் சின்னப் பொம்மை எதுவோ, அதைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். (கடைக்காரரைக் கேட்டுக்கொண்டுதான்!) உங்கள் கட்டை விரல் உயரம்கூட இருக்காது. ஆனால் அதற்கும் புருவம் உண்டு. நெற்றியில் பொட்டு உண்டு. வேட்டிக்குக் கரை உண்டு. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பிரஷ் பிடித்து, அத்தனையையும் வரைந்திருக்கிறார்.

சென்னையில் புரசைவாக்கம் பக்கம் உள்ள கொசப்பேட்டை, காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்கு அருகே விளாச்சேரி ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, காய வைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, அதற்கப்புறம்தான் வண்ணம். காகிதக் கூழ் பொம்மைக்குச் சூளை வேண்டாம், வெயிலே போதும்.

அவர்களுக்கு இது தொழில். இதே வேலையை விளையாட்டாகச் செய்கிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள் தெரியுமா? 'போர் விளையாட்டு' ஆடுகிறவர்கள்தான் அவர்கள். மேஜை மேல் மலை, ஆறு, கோட்டை எல்லாம் அமைத்து, குட்டிக் குட்டிச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். ஒரு சிப்பாயின் உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர்தான். தீக்குச்சியை விடக் குள்ளம்! 1983-ல் இங்கிலாந்தில் வெளிவந்த 'வார்ஹாமர்' இந்த வகையில் மிகவும் பிரபலம். சிப்பாய்கள் வண்ணம் இல்லாமல்தான் டப்பாவில் வருவார்கள். வாங்கியவர்தான் சட்டை, தொப்பி, மீசை எல்லாம் பூச வேண்டும்.

'டைம் மெஷின்' கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. தரையில் படுத்துக்கொண்டு, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் எதிரியின் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்துவார். விளையாட்டுக்கான விதிமுறைகளை எழுதி, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகவே போட்டார். நிஜப் போரை விட இந்தப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே, 1914-ல், முதல் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை, பாவம்!

டப்பாவில் தூங்கும் சிப்பாய்கள்

இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டு. வாங்குகிற வேகத்தில் வண்ணம் பூச மாட்டார்கள். அலமாரியில் டப்பா டப்பாவாக வெறும் சாம்பல் நிறச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். 'லீவு வரட்டும், ஒரேயடியாக உட்கார்ந்து முடித்துவிடலாம்' என்பார்கள். லீவு வரும், போகும். சிப்பாய்க்குச் சட்டை வராது.

சிரிக்க வேண்டாம். போன பிறந்த நாளுக்கு வந்த பெயின்டிங் செட்டை நீங்கள் என்ன செய்தீர்கள்? முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். சிவப்பு காய்வதற்குள் அதன் பக்கத்தில் மஞ்சள் வைத்திருப்பீர்கள், இரண்டும் கலந்து ஆரஞ்சுக் குழம்பு ஆகியிருக்கும். கழுத்து வலித்திருக்கும். அம்மா 'படிக்கிற வேலையைப் பாரு' என்றிருப்பார். டப்பா பரணுக்குப் போயிருக்கும்.

இதற்கு வழி என்ன? உங்கள் வாசலிலேயே இருக்கிறது! பாட்டியோ அம்மாவோ காலையில் கோலம் போடுவதைக் கவனியுங்கள். 'இன்றைக்குப் போடலாமா, வேண்டாமா' என்று அவர்கள் யோசிப்பதே இல்லை. வாசல் தெளித்ததும் கை தானாகவே கோலப்பொடி டப்பாவுக்குப் போய்விடும். மார்கழி முழுக்கத் தினம் ஒன்று. ஜனவரியில் மயிலாப்பூர் விழா நடக்கும்போது அதே வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி வைப்பார்கள். அழிரப்பர் கிடையாது, ஸ்கேல் கிடையாது, நடுரோட்டில் குனிந்தபடி புள்ளி வைத்து இழுக்கிறார்களே, அந்தக் கை ஒரே நாளில் வந்ததா? தினம் தினம் கொஞ்ச நேரம் போட்டு வந்த கை அது.

இதில் முக்கியமான விஷயம், கோலம் 'வாசல் தெளித்ததும்' வருகிறது என்பது. ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு வேலையின் வாலில் புதிய வேலையைக் கட்டிவிட வேண்டும். ஸ்கூலிலிருந்து வந்து, கை கால் கழுவி, பால் குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் பிரஷ்! பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று ஆசையாக இருக்கும்போதே எழுந்தால்தான் நாளைக்கும் உட்காரத் தோன்றும். வீட்டுப்பாடமும் தப்பிக்கும், அம்மாவும் திட்ட மாட்டார்.

தினமும் பத்து நிமிடம் என்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இன்று பூசிய வண்ணம் நாளைக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். சிவப்பும் மஞ்சளும் கலக்கிற பிரச்னையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரக்காரர் காயக் காயக் காத்திருப்பார், நீங்கள் தூங்குகிற நேரத்தில் உங்கள் சிப்பாய் காய்ந்துகொண்டிருப்பான்.

கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 1906-ல் கட்டியது, சுமார் 120 அடி உயரம். அதில் நிற்கும் சுதைப் பொம்மைகளை எண்ணத் தொடங்கினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். 2016-ல் கும்பாபிஷேகம் நடந்தபோது எல்லாவற்றுக்கும் புது வண்ணம் வந்தது. சாரம் கட்டி, ஒவ்வொரு நிலையாக, ஒவ்வொரு முகமாகப் பூசினால்தான் அந்த வேலை முடியும்.

ஒரு 'பத்தி' சேர்க்கலாமா?

எத்தனை நாளில் ஒரு வேலை பழக்கமாகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்து இதை ஆராய்ந்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது மாதிரி ஏதாவது ஒரு சின்ன வேலையைத் தினமும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர சராசரியாக 66 நாட்கள் ஆனதாம்! சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்பதும் தெரிந்தது. ஆக, பரீட்சைக்கு முதல் நாள் பிரஷைத் தொடவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். அடுத்த நாள் தொட்டுவிடுங்கள்.

66 நாள் என்றால் ஏறக்குறைய பத்து வாரம். வாரத்துக்கு ஒரு பொம்மை என்றால் பத்துப் பொம்மை. இந்தப் பத்துக்கு மகாபாரதத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது! தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படை இருந்ததல்லவா? அதைத்தான் சதுரங்கம் என்றார்கள். நாம் ஆடும் செஸ்ஸுக்குத் தாத்தா ஆன விளையாட்டின் பெயரும் அதுதான். இந்தப் படையில் மிகச் சிறிய பிரிவுக்குப் 'பத்தி' என்று பெயர். ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள். கூட்டிப் பாருங்கள், சரியாகப் பத்து! மூன்று பத்தி சேர்ந்தால் ஒரு 'சேனாமுகம்'. இப்படியே பெருகிப் பெருகிக் கடைசியில் ஓர் 'அக்குரோணி' ஆகும். அதில் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. மொத்தம் 2,18,700. வாரம் ஒன்று வீதம் பூசினால் ஏறக்குறைய 4,200 வருடம் ஆகும். குருக்ஷேத்திரத்தில் நின்றது 18 அக்குரோணி. நமக்கு ஒரு பத்தி போதும்!

காலாளுக்கு எங்கே போவது? தி.நகர் பாண்டி பஜார் பக்கம் பொம்மைக் கடைகளில் பிளாஸ்டிக் சிப்பாய் பாக்கெட் கேட்டுப் பாருங்கள். வாங்கும் முன் துப்பாக்கியை லேசாக வளையுங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் வேண்டாம், அதில் பூசும் வண்ணம் உரிந்துவிடும். விறைப்பாக இருப்பதை எடுங்கள். காசே செலவழிக்க வேண்டாம் என்றால், காய் தொலைந்துபோன பழைய செஸ் செட் இருக்குமே? சிப்பாய் ஐந்து, குதிரை மூன்று, மூலையில் நிற்கும் காய் ஒன்று தேருக்கு, மந்திரி ஒன்று யானைக்கு. பழைய சதுரங்கத்தில் மூலையில் நின்றது தேர்தான், மந்திரி நிற்கும் இடத்தில் இருந்தது யானை. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் விற்பவரிடம் ஒரு பிடி மண் கேட்டு வாங்கி நீங்களே பிடித்தாலும் சரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால், அதையும் ராமர் படையில் சேர்த்துக்கொள்ளலாம்!

பால் பதம், டிகாக்ஷன் பதம்

பிளாஸ்டிக் பொம்மையை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒட்டாது. பிறகு பொம்மையை ஒரு பாட்டில் மூடியின் மேல் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். இனி மூடியைத்தான் பிடிக்க வேண்டும், பொம்மையைத் தொடவே கூடாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கலர் போதும். எனாமல் பெயின்ட் வேண்டாம். அதற்கு டர்பன்டைன் வேண்டும், நாற்றம் தலைவலி தரும், தீப்பிடிக்கும். பிரஷ் 2-ம் நம்பர் ஒன்று, 0 நம்பர் ஒன்று.

முதல் நாள் வெறும் வெள்ளை மட்டும். ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் 'கெஸ்ஸோ' என்று கிடைக்கும், அது பிளாஸ்டிக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பொம்மைக்காரர்கள் வெள்ளை அடிக்கிறார்களே, அதே காரணம்தான். வெள்ளைக்கு மேல் பூசினால்தான் சிவப்பு சிவப்பாகத் தெரியும். இரண்டாம் நாள் முகமும் கையும். மூன்றாம் நாள் சட்டை. கலரைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தோசை மாவு பதத்தில் பூசினால் சட்டை மடிப்பு, பொத்தான் எல்லாம் மூடிக்கொள்ளும். பால் பதத்தில் ஒரு கோட் போட்டால் அடியில் வெள்ளை தெரியும். தெரியட்டும்! நாளைக்கு இன்னொரு கோட்.

ஐந்தாம் நாள் வேடிக்கையான வேலை. பிரவுன் கலரில் நிறையத் தண்ணீர் விட்டு, இரண்டாம் டிகாக்ஷன் மாதிரி ஆக்கி, பொம்மை மேல் தடவுங்கள். அது தானாக ஓடிப் பள்ளங்களில் தங்கிக் காயும். மடிப்பு, விரல் இடுக்கு, மூக்கோரம் எல்லாவற்றிலும் நிழல் விழுந்துவிடும். அதுவரை மிட்டாய் மாதிரி இருந்த சிப்பாய்க்கு உயிர் வருவது இந்த நாளில்தான். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

முதல் சிப்பாயைத் தனியாக ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். முடித்த சந்தோஷம் வேண்டுமே! மற்ற நான்கு காலாட்களையும் சேர்த்து வரிசையாக நிறுத்தி, இன்று நான்கு சட்டை, நாளை நான்கு தொப்பி என்று போகலாம். ஒரு கலரைக் கலந்தால் நான்கு பேருக்கும் ஆகும். பிரஷையும் அடிக்கடி கழுவ வேண்டாம். நால்வரும் ஒரே படைக்காரர்கள் மாதிரியும் இருப்பார்கள்.

நம் ஊர் வெயிலும் மழையும் இதில் விளையாடும். மே மாதம் தட்டில் வைத்த கலர் இரண்டு நிமிடத்தில் தோலாகிவிடும். பழைய டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்து, அதில் கலரை வையுங்கள். நீண்ட நேரம் ஈரமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர் எதிர். இன்று பூசியது நாளைக்கும் பிசுபிசுக்கும். அந்த நாட்களில் ஒரு கோட் விட்டு, அடுத்த பொம்மையின் வெள்ளையை முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சாமானும் ஒரே ஷூ டப்பாவில், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பரணில் வைத்தால் கதை முடிந்தது. பத்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஏணி தேட யார் போவார்கள்?

வாயில் வைக்காதீர்கள்!

பிரஷ் நுனி கூராக வேண்டும் என்று சிலர் உதட்டில் வைத்து இழுப்பார்கள். வேண்டவே வேண்டாம். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில் இளம் பெண்கள் கடிகார முட்களுக்கும் எண்களுக்கும் இருட்டில் ஒளிரும் பெயின்ட் பூசினார்கள். பிரஷை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்ததே அங்கே மேலே இருந்தவர்கள்தான். அந்தப் பெயின்டில் இருந்தது ரேடியம்! தாடை எலும்பு அரித்துப்போய்ப் பலர் இறந்தார்கள். வழக்குப் போட்டுப் போராடி, 1928-ல்தான் நஷ்டஈடு கிடைத்தது. உங்கள் கலரில் ரேடியம் இல்லைதான். ஆனாலும் பிரஷுக்கு இடம் ஈரத் துணி, வாய் இல்லை.

பழைய பெயின்டில் வேறொரு ஆபத்து உண்டு. ஈயம். அது உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். வெல்ஸ் காலத்துச் சிப்பாய்களே ஈயத்தில் வார்த்தவைதான். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பொம்மையின் உரியும் வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தூசு மூக்கில் போகும்.

பழைய பொம்மை என்றதும் நினைவுக்கு வருகிறது. விஜயதசமி இரவு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் துணியிலும் பேப்பரிலும் சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது பாருங்கள், வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வண்ணம் கொட்டியிருக்கும். கை பழகிய தைரியத்தில் 'பாட்டி, நான் புதுசா பெயின்ட் அடிச்சுத் தரேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். கொள்ளுப்பாட்டி காலத்துப் பொம்மையின் முகத்தை எழுதியவர் இன்று இல்லை. அதன் மேல் நீங்கள் பளபளவென்று பூசினால் அவர் வரைந்த புருவம் போனது போனதுதான், திரும்ப வராது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்கவென்றே தனி ஆய்வகம் இருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அந்தத் துறையின் வேலை, புதிதாக்குவது அல்ல. காய்ந்த மெல்லிய பிரஷால் தூசி தட்டுங்கள், ஈரத் துணி வேண்டாம், ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். போதும்.

ஆனால் போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ மாட வீதியில் வாங்கிய செட்டியார் பொம்மையின் வேட்டிக் கரையில் அரிசி அளவு பெயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதற்கு உங்கள் கை போதும், பத்து வாரம் பழகிய பிறகு. அதே நிறத்தைக் கலந்து, பெயர்ந்த இடத்தில் மட்டும் ஒரு தொடுதல். பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான்!

எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால், சரஸ்வதி பூஜையன்று பிரஷையும் புத்தகத்தோடு பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமியன்று எடுக்கலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் இன்று சாயங்காலமே பால் குடித்துவிட்டு உட்காரலாம்.

கண்ணை மட்டும் ஆறாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலை செய்யும் ஸ்தபதிகளும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். இவ்வளவு சின்ன முகத்துக்கு பிரஷ் வேண்டாம், பல் குத்தும் குச்சியின் நுனி போதும். இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, முதலில் இரண்டு வெள்ளைப் புள்ளி. காய்ந்ததும் நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளி. இடது கண் கிழக்கேயும் வலது கண் மேற்கேயும் பார்க்கிறதா? பரவாயில்லை. அந்தச் சிப்பாயைப் பின் வரிசையில் காவலுக்கு நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வான்!